திசுப் பொருத்தமும் எதிர்ப்பொருளும்: மாற்றுச் சிறுநீரகம் பெறும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாகும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இரத்த வகை ஒத்துப்போகிறது, கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறார். பிறகு ஏன் இத்தனை சோதனைகள்? எல்லாம் முடிந்தபின் 'இவருடைய சிறுநீரகம் வேண்டாம்' என்று ஏன் சொல்கிறீர்கள்?" சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் நலமாக இருந்தவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் இந்த மாத்திரைகள்?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பிறர் உறுப்பை நம் உடல் எவ்வாறு இனம் காண்கிறது, அதற்கு எதிராக எவ்வாறு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்பதை அறிந்துகொண்டால் இரண்டும் விளங்கும். கொல்லிமலையின் மேலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிகிச்சைக்கு இறங்கி வரும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். ஆயினும் இதில் சொல்லப்படுபவை சமவெளியில் வாழ்வோருக்கும் பொருந்தும்.

உயிரணுவின் மேலுள்ள அடையாளம்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் அடையாளச் சின்னங்களைப் போல அமைந்துள்ளன. இவற்றை எச்.எல்.ஏ. என்பர். எந்த உயிரணு தன்னுடையது, எது அயலானது என்பதை நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றைக் கொண்டே அறிகிறது. இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1958ஆம் ஆண்டு இவ்வடையாளங்களில் முதலாவதைக் கண்டறிந்தார். அதற்காக 1980இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் சீரத்தில், பிறருடைய வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை அவர் கவனித்தார். அதே காலத்தில் நெதர்லாந்தின் யான் வான் ரூட், பலமுறை கருவுற்ற பெண்களின் சீரத்திலும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டார். இரத்தம் ஏற்றுதல், கருவுறுதல் ஆகிய இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் இவற்றுக்கே திரும்பி வருவோம்.

சிறுநீரக மாற்றில் ஏ, பி, டி.ஆர். என்னும் மூன்று வகை அடையாளங்கள் நெடுங்காலமாகப் பார்க்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என ஒருவருக்கு மொத்தம் ஆறு. "ஆறுக்கு மூன்று பொருந்துகிறது" என்று அறிக்கையில் காண்பது இதைத்தான். இப்போது டி.க்யூ. என்னும் வகையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. இரத்த வகைகள் நான்குதான், எச்.எல்.ஏ. வேறுபாடுகளோ பல்லாயிரம். இரத்த வகை ஒன்றாக இருந்தும் திசு முற்றிலும் வேறாக இருப்பது அதனால்தான்.

குடும்பத்திற்குள் பொருத்தம்

இந்த மரபணுக்கள் நெருங்கியிருப்பதால் பெரும்பாலும் ஒரே சரமாகவே தலைமுறை இறங்குகின்றன. தந்தைக்கு இரண்டு சரங்கள், தாய்க்கு இரண்டு சரங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தந்தையிடமிருந்து ஒன்றையும் தாயிடமிருந்து ஒன்றையும் பெறுகிறது. ஆகவே பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கிடையே பாதிப் பொருத்தம் உறுதியாக இருக்கும். உடன்பிறந்தோர் இருவரை எடுத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் முழுப் பொருத்தமும், நான்கில் இரண்டு பங்கு வாய்ப்பில் பாதிப் பொருத்தமும், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் சிறிதும் பொருந்தாமையும் அமையும்.

கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழிவந்தவர்கள் என்று வாய்மொழி வரலாறு சொல்லும். ஆனால் ஒரு தாய் வயிற்று அண்ணன் தம்பியரும் திசுவில் ஒன்றாகவே இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. "சொந்த அண்ணன் கொடுக்கிறார், எப்படிப் பொருந்தாமல் போகும்?" என்று வருந்தும் குடும்பங்களுக்கு இதுவே எங்கள் விடை. பொருந்தாமை உறவின் குறையன்று. எந்தச் சரம் யாருக்கு வந்தது என்னும் தற்செயலே அது.

முழுப் பொருத்தத்தின் வலிமையை 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் நடந்த சிகிச்சை உலகுக்குக் காட்டியது. மருத்துவர் ஜோசப் மரே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். இருவர் திசுவும் ஒன்றே ஆதலால் உடல் அதை அயலாகக் கருதவில்லை. பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியாவில், உயிருள்ள கொடையாளியின் சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை முதன்முதலாக வெற்றி கண்டது 1971இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்.

நெருங்கிய உறவில் மணந்த குடும்பங்கள்

நம் பகுதியில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் எனச் சொந்தத்திற்குள் மணம் முடிப்பது புதிதன்று. இதனால் திசுப் பொருத்தக் கணக்கு சற்று மாறுகிறது. தாய்மாமனை மணந்த பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் ஒரு சரம் பொதுவாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மாமன் மகள், அத்தை மகன் இணையில் அது நான்கில் ஒன்று. அவ்வாறு கணவனும் மனைவியும் ஒரு சரத்தைப் பொதுவாகக் கொண்டிருந்தால், அவர்களுடைய பிள்ளை தந்தையுடனோ தாயுடனோ முழுமையாகப் பொருந்திப்போவதும் உண்டு. வழக்கமாகப் பெற்றோரிடம் பாதிப் பொருத்தமே எதிர்பார்க்கிறோம். இத்தகைய குடும்பங்களில் முழுப் பொருத்தத்தைக் கண்டு வியப்பதற்கில்லை.

தமிழ்நாட்டின் வெவ்வேறு சமூகங்களில் எச்.எல்.ஏ. அடையாளங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் தலைமையிலான குழு 1980களிலேயே ஆராய்ந்து வெளியிட்டது. தமக்குள்ளேயே மணஉறவு கொள்ளும் சமூகங்களில் சில சரங்கள் மிகுந்தும் சில அரிதாகவும் காணப்படுவது இயல்பு.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நெருங்கிய உறவினருக்குத் திசு பொருந்துவதைப் போலவே, பரம்பரைச் சிறுநீரக நோயும் பொதுவாக இருக்கக்கூடும். ஆகவே கொடையாளியின் சிறுநீரகத்தை முழுமையாகச் சோதித்த பின்னரே முடிவெடுக்கப்படும். மற்றொன்று சட்டம் சார்ந்தது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 2011இல் திருத்தப்பட்டது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே இச்சட்டத்தின்படி நெருங்கிய உறவினர். தாய்மாமன், சித்தப்பா, மைத்துனர் ஆகியோர் இப்பட்டியலில் இல்லை. அவர்கள் கொடையளிக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஆகும் காலத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பொருள் எவ்வாறு பிறக்கிறது

எதிர்ப்பொருள் என்பது இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். அம்மை வந்து போனபின் மறுபடி வராமல் காப்பதும் இதுவே. ஒருமுறை எதிர்கொண்ட அயற்பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் மறப்பதில்லை; அதன் நினைவைத் தாங்கிய அணுக்கள் பல ஆண்டுகள் உடலில் தங்குகின்றன. கிருமிகளுக்கு எதிராக நமக்கு நன்மை செய்யும் இந்த நினைவே, மாற்று உறுப்புக்குத் தீங்காகிறது.

பிறருடைய எச்.எல்.ஏ. நம் உடலுக்குள் நுழைய மூன்று வாயில்கள் உண்டு.

முதலாவது, இரத்தம் ஏற்றுதல். ஏற்றப்படும் இரத்தத்தில் கொடையாளியின் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருப்பதால் அவருடைய அடையாளங்களும் உடன் வருகின்றன.

இரண்டாவது, கருவுறுதல். குழந்தையின் ஒரு சரம் தந்தையுடையது. குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் சிறிதளவு கலப்பதால், கணவரின் அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயிடம் உருவாகலாம். கலைந்த கருவும் இதில் கணக்கே.

மூன்றாவது, முன்பே பெற்ற மாற்று உறுப்பு.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இரத்தச் சோகை வருவது இயல்பு. "இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்று உறவினர்கள் வற்புறுத்துவதுண்டு. மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அந்தத் தெம்பின் விலை பெரிது. எரித்ரோபொய்ட்டின் ஊசியாலும் இரும்புச்சத்தாலும் சோகையைச் சரிசெய்ய முடிந்தால் அதுவே சிறந்த வழி. இரத்தம் ஏற்றியே ஆகவேண்டுமானால், வெள்ளையணுக்கள் நீக்கப்பட்ட இரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். அது இடரைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கில் மட்டும் தயங்காதீர்கள், உயிரே முதன்மை.

பெண் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு

நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே உறுப்பு வழங்குவோரில் பெண்களே மிகுதி. அதே பெண் நோயாளியாகும்போது அவளுக்குப் பொருத்தமான கொடையாளியைக் காண்பது கடினமாகிவிடுகிறது. அவளுக்குக் கணவரோ பிள்ளைகளோ கொடுக்க முன்வரலாம். ஆனால் அவள் கருவுற்ற ஒவ்வொரு முறையும் அவள் உடல் கணவரின் அடையாளங்களை எதிர்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் அணுக்களிலும் அவ்வடையாளங்களே உள்ளன. ஆகவே இவர்கள் இருவகையினருக்கும் எதிரான எதிர்ப்பொருள் அவளிடம் முன்பே இருக்கக்கூடும். அத்தகைய நிலையில் அவளுடைய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, பெற்றோர் எனப் பிறந்த வீட்டினரை முதலில் சோதிப்பது பயன் தரும்.

இதனால் நாங்கள் பெண்களிடம் கேட்கும் சில கேள்விகளுக்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டுகிறோம். எத்தனை முறை கருவுற்றீர்கள்? கரு கலைந்ததா, கலைக்கப்பட்டதா? பேறுகாலத்தில் இரத்தம் ஏற்றினார்களா? திருமணத்திற்கு முன்னர் நேர்ந்ததாயினும், வீட்டார் அறியாததாயினும், மருத்துவரிடம் தனியே சொல்லலாம். அது வெளியே போகாது. சொல்லாமல் விட்ட ஒரு செய்தியால், பொருத்திய சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதாகக் கூடும்.

எதிர்ப்பொருள் இருப்பது எவருடைய குற்றமும் அன்று. "நான் கொடுப்பதை ஏற்காத உடம்பா?" என்று கணவரோ, "பெற்ற பிள்ளையினுடையதே ஆகாதா?" என்று மாமியாரோ சொல்ல நேர்ந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கிராஸ்மேட்ச்: இறுதி வாயில்

இரத்த வங்கியில் செய்யப்படும் கிராஸ்மேட்சைப் பலரும் அறிவர். உறுப்பு மாற்றில் செய்யப்படுவது வேறு. கொடையாளியின் வெள்ளையணுக்களை நோயாளியின் சீரத்துடன் கலந்து, சீரத்திலுள்ள எதிர்ப்பொருள் அவ்வணுக்களைத் தாக்குகிறதா என்று பார்ப்பதே இது.

இச்சோதனை ஏன் கட்டாயமாயிற்று என்பதை 1969இல் பட்டேல், பால் தெராசகி ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. சோதனையில் தாக்குதல் தெரிந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. தாக்குதல் தெரியாத 195 பேரில் அவ்வாறு இழந்தவர்கள் 8 பேர் மட்டுமே. அன்றிலிருந்து உலகெங்கும் இச்சோதனைக்குப் பின்னரே அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது.

இன்று இதனினும் நுண்ணிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு எச்.எல்.ஏ. அடையாளமும் தனித்தனியே பூசப்பட்ட நுண்மணிகளை நோயாளியின் சீரத்தில் இட்டு, எந்த மணியில் எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்பதைக் கருவி ஒளியால் அளக்கிறது. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதோடு, எந்த அடையாளத்திற்கு எதிரானது, எவ்வளவு வலியது என்பதும் இதில் தெரியும்.

கிராஸ்மேட்ச் சாதகமாக அமையாவிட்டால் எல்லாம் முடிந்துவிடவில்லை. வேறொரு கொடையாளியைத் தேடலாம். பொருந்தாத இரு குடும்பங்கள் தங்கள் கொடையாளிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கும் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. பிளாஸ்மா மாற்றத்தாலும் மருந்துகளாலும் எதிர்ப்பொருளைக் குறைத்துச் சிகிச்சை செய்வதும் உண்டு. அதற்குச் செலவும் இடரும் கூடுதல்.

மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது; இன்று அதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. இப்பட்டியலில் காத்திருப்போருக்கு அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம். எடுக்கப்பட்ட சிறுநீரகம் சில மணி நேரமே காத்திருக்கும். அதற்குள் கிராஸ்மேட்சும் முடிய வேண்டும். மலையில் தொலைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் சீராக இராது. ஆகவே உங்கள் எண்ணுடன், அடிவாரத்திலோ நாமக்கல்லிலோ இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள். இரவில் இறங்குவதற்கு வண்டிக்கும் முன்னமே சொல்லி வையுங்கள். பட்டியலில் சேர்ந்த பிறகு இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் உடனே தெரிவியுங்கள்; பழைய சீரத்தின் முடிவு அதன்பின் செல்லாது.

சிகிச்சைக்குப் பின் தோன்றும் எதிர்ப்பொருள்

அறுவைச் சிகிச்சையின் போது எதிர்ப்பொருள் இல்லாதவருக்கும் பின்னர் அது புதிதாகத் தோன்றலாம். முழுப் பொருத்தமில்லாத எந்தச் சிறுநீரகத்திலும் அயல் அடையாளங்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைப்பவை டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் முதலிய மாத்திரைகளே. அவற்றின் அளவு குறையும் நாட்களில் மண்டலம் விழித்துக்கொள்கிறது. புதிய எதிர்ப்பொருள் தோன்றுவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று மாத்திரைகளைத் தவறவிடுதல்.

இந்த எதிர்ப்பொருள் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. தொடக்கத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை, சிறுநீரும் குறைவதில்லை. கிரியேட்டினின் உயரும்போது சேதம் முன்பே நடந்திருக்கும். சிறுநீரில் புரதம் கசிவது மற்றோர் அறிகுறி. உறுதி செய்யச் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராயும் பயாப்ஸி தேவைப்படும். நாட்பட்ட சேதத்தை மீட்கும் மருந்து எளிதில் இல்லை. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை மாத்திரையை நிறுத்துவதற்கான காரணமாகக் கொள்ளக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் மாத்திரைகள் தேவை.

மலையில் வாழ்வோர் கவனிக்க வேண்டியவை

மாத்திரைகள் தீருவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே அடுத்த தவணையைப் பெறுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடலாம், பேருந்து நிற்கலாம். இருப்பு இருந்தால் கவலையில்லை. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து வைக்காமல், அடுப்பின் வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

காலையும் மாலையும் குறித்த நேரத்தில் உட்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்து, சற்று நேரத்தில் நினைவு வந்தால் உடனே உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரு மடங்காக உட்கொள்ளாமல் எங்களை அழையுங்கள். வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு இருந்தாலும் அழையுங்கள். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு உயர்வதும் உண்டு.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், இரத்தம் எடுத்த பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள். விடியலில் புறப்படும்போது மாத்திரையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

கொல்லிமலை மூலிகைக்குப் பெயர் பெற்றது. அம்மூலிகைகளின் மதிப்பைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் சில மூலிகைகள் மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யும். சில சிறுநீரகத்தையே பாதிக்கும். கஷாயம், சூரணம், இலேகியம் எதுவாயினும் கேட்டபின் உட்கொள்ளுங்கள். பம்பளிமாஸ் பழத்தைத் தவிருங்கள்.

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரப்படும் பெனிடாயின் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை வெகுவாகக் குறைக்கும். சில பூஞ்சை மருந்துகளும் எரித்ரோமைசின் போன்றவையும் அதை உயர்த்தும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் "எனக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்துச் சீட்டை எப்போதும் உடன் வைத்திருங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

உடன் இருப்போருக்கு ஒரு சொல். மாத்திரைகள் தவறுவதற்குச் சோம்பல் ஒன்றே காரணமன்று. பேருந்துக் கட்டணம் இல்லாமை, ஒரு நாள் கூலி போய்விடும் என்னும் கவலை, மனச்சோர்வு, பக்கவிளைவால் முகம் ஊதிய இளம்பெண்ணின் கூச்சம் என எத்தனையோ உண்டு. கடிந்துகொள்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளிட்ட உதவிகளுக்கு எங்கள் சமூகப் பணியாளர் வழிகாட்டுவார். மாத்திரை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தாலும், மறைக்காமல் அன்றே வந்து சொல்பவருக்கு நாங்கள் செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. இரத்த வகை பொருந்தினால் மட்டும் போதாது. திசுப் பொருத்தமும் கிராஸ்மேட்சும் வேண்டும்.

2. ஏற்றிய இரத்தம், கருவுற்ற வரலாறு, முன்பு பெற்ற உறுப்பு ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. தவிர்க்கக்கூடிய இரத்தம் ஏற்றுதலைத் தவிருங்கள்.

4. பெண் நோயாளிக்குப் பிறந்த வீட்டினரையும் சோதிக்க முன்வாருங்கள்.

5. பொருத்தம் குறைவான சிறுநீரகமும், மாத்திரை தவறாதவரிடம் நெடுநாள் உழைக்கும். நன்கு பொருந்திய சிறுநீரகமும், மாத்திரையைக் கைவிட்டவரிடம் பழுதாகலாம்.

பிறப்பிலேயே அமைந்த சரங்களை எவராலும் மாற்ற இயலாது. உண்மையைச் சொல்வதும், வேளை தவறாமல் மாத்திரை உட்கொள்வதும், குறித்த நாளில் இரத்தம் கொடுத்துச் சோதிப்பதும் நம் கையில் உள்ளன. உறவினர் ஒருவர் தம் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்ததை, அல்லது முன்பின் அறியாத ஒரு குடும்பம் தன் துயரத்தின் நடுவே மனமுவந்து வழங்கியதை, நாம் காக்கும் வழி இதுவே.